கக்கன்: கோயில் வாசலிலிருந்து உள்துறை நாற்காலி வரை



இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவை ஒத்தக்கடையில் நடத்துவது என்று முடிவானதும், யாரைப் பற்றிப் பேசுவது என்று நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. யானைமலை அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊர் வழியாகத்தான் மதுரையிலிருந்து மேலூருக்குப் பேருந்துகள் போகின்றன. மேலூரைத் தாண்டித் திருச்சி சாலையில் சற்றுத் தூரம் போனால் தும்பைப்பட்டி. 1908 ஜூன் 18 அன்று பி.கக்கன் அங்கேதான் பிறந்தார். பறையர் குடும்பம். தந்தையார் ஊர்க் கோயில் பூசாரி.

கக்கனைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். பதவியெல்லாம் போன பிறகு உடல்நலம் கெட்டு மதுரை அரசு மருத்துவமனையில் சேர்ந்தார். மதுரை முத்துவைப் பார்க்க அங்கே வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., கக்கன் பொதுப் பிரிவில் கிடப்பதைக் கேள்விப்பட்டு ஓடிப்போய்ப் பார்த்தார், கலங்கினார், உதவிகளுக்கு உத்தரவிட்டார். பத்தாண்டுகள் அமைச்சராக இருந்தவர் டவுன் பஸ்ஸுக்கு நின்றார், சொந்த வீடு இல்லை என்று அதோடு சேர்த்துச் சொல்வார்கள். மேடைதோறும் சொல்லப்படும் இந்தக் கதையைக் கேட்டு நாமும் கண்கலங்கியிருக்கிறோம்.

கதை பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கக்கனின் நேர்மையில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அவருடைய முப்பது ஆண்டுப் பொதுவாழ்வில் நமக்கு மிஞ்சியிருப்பது ஒரு மருத்துவமனைக் கட்டில் மட்டும்தானா? பொதுப்பணித்துறையை நடத்தியவர், வேளாண்மைத் துறையை நடத்தியவர், காவல்துறை உள்ளிட்ட உள்துறைக்கு அமைச்சராக இருந்தவர் என்ன செய்தார், எதைச் செய்ய முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று கேட்க வேண்டாமா? மற்ற அமைச்சர்களின் ஆட்சியைப் பற்றி வரலாறு பேசுகிறது. தலித் அமைச்சர் என்றால் அவருடைய வறுமையைப் பற்றிப் பேசுகிறது. இந்த வேறுபாட்டைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

வாசல்

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தனர். அந்த நாளை நம் பள்ளிப் புத்தகங்கள் அ.வைத்தியநாத ஐயரின் பெயரால் நினைவு வைத்திருக்கின்றன. மதுரையில் ஹரிஜன சேவா சங்கத்தை நடத்தியவர் அவர். சாதியாரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு அந்தக் காரியத்தைச் செய்தார். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்று உள்ளே போனவர்களுக்கும் பெயர் உண்டு. அவர்களில் ஒருவர் முப்பத்தொரு வயது கக்கன்.

அவர்கள் நுழைந்ததும் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்தார்கள். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, அம்மன் அங்கே இல்லை என்று சொல்லி, வேறோர் இடத்தில் தனியாக வழிபாடு வைத்துக்கொண்டார்கள். உள்ளே போனவர்களையும் அழைத்துப் போனவர்களையும் வழக்குகளிலிருந்து காப்பாற்ற ராஜாஜி அரசு அந்த ஆண்டிலேயே சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு கும்பிடு போடுவதற்குச் சட்டப் பாதுகாப்பு தேவைப்பட்ட காலம் அது. ஹரிஜனங்கள் நுழைய முடியாத கோயிலுக்குள் தாமும் நுழைவதில்லை என்றிருந்த காந்தி, 1946இல் மதுரைக்கு வந்தபோதுதான் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார்.

ஊர்க் கோயில் பூசாரியின் மகனுக்குக் கோயில் புதிதல்ல. எந்த வாசல் வரை தன் தந்தையின் பூசாரித்தனம் செல்லும், எந்த வாசலில் அது செல்லாது என்பதைச் சிறு வயதிலேயே அறிந்தவர் அவர். 1939இல் அவர் தாண்டியது அந்த எல்லையைத்தான். பிறகு 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். 1946இல் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானார். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவு 1948 நவம்பர் 29 அன்று அந்தச் சபையில் நிறைவேறியது. மேலூர் வட்டாரத்துச் சேரியில் பிறந்த ஒருவர் அச்சபையின் உறுப்பினர் என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

நாற்காலி

1952 தேர்தலில் மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து கக்கன் நாடாளுமன்றத்துக்குப் போனார். காமராசர் முதலமைச்சரானதும் அவர் விட்டுச்சென்ற தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பொறுப்பு கக்கனிடம் வந்தது. ஆளுங்கட்சியின் மாநிலத் தலைவராக ஒரு தலித் இருந்தார் என்பது இன்றைய கட்சிகளை வைத்துப் பார்த்தால் சாதாரணச் செய்தி அல்ல.

1957 ஏப்ரலில் காமராசர் அமைத்த எட்டுப் பேர் அமைச்சரவையில் கக்கன் இடம்பெற்றார். ஹரிஜன நலத்துறையோடு பொதுப்பணித்துறையும் அவருக்குத் தரப்பட்டது. இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். தலித் அமைச்சருக்கு நலத்துறை என்பது இன்றுவரை எழுதப்படாத விதி. அணை, கால்வாய், கட்டடம், ஒப்பந்தம் என்று பணமும் ஆள்பலமும் புரளும் துறை அவருக்கு வருவது அரிது. காமராசரின் முந்தைய அமைச்சரவையில் இந்து அறநிலையத்துறையைப் பி.பரமேசுவரன் என்ற தலித் அமைச்சர் கவனித்தார். அந்த வரிசையில் வைத்தே கக்கனுக்குக் கிடைத்த துறையையும் பார்க்க வேண்டும்.

வைகை அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. அப்போது பொதுப்பணித்துறை அமைச்சர் கக்கன். மேலூர்ப் பக்கத்து மக்களுக்குத் தண்ணீரின் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. 1895இல் பெரியாறு அணை வந்த பிறகுதான் இந்தப் பூமி இருபோகம் காணத் தொடங்கியது. கால்வாய் வெட்டியவர்களிலும் வயலில் இறங்கியவர்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள். மடையைத் திறக்கும் உரிமையும் மடை பாயும் நிலமும் பெரும்பாலும் பிறரிடம் இருந்தன. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர் மாநிலத்தின் மடைகளுக்கெல்லாம் அமைச்சரானார். அணை கட்டும் அதிகாரம் வந்தது. பாயும் நிலத்தின் உடைமையை மாற்றும் அதிகாரம் அந்தத் துறையில் இல்லை. கக்கனின் பதவிக்காலத்தை மதிப்பிடும்போது இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1962 மார்ச்சில் வேளாண்மைத் துறை. 1963 அக்டோபர் 3 முதல் உள்துறை. நம் கண்ணெதிரே யானைமலை அடிவாரத்தில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரி 1965இல், அவர் இருந்த அமைச்சரவையின் காலத்தில் தொடங்கியது. லஞ்ச ஒழிப்புத் துறை 1964இல் அமைக்கப்பட்டபோதும் உள்துறை அமைச்சர் அவரே. நேர்மை என்றால் டவுன் பஸ்ஸில் போவது என்று மட்டும் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஊழலைத் தேடிப்பிடிக்க ஓர் அரசு அமைப்பு உருவான காலத்தில் அந்தத் துறையின் நாற்காலியில் இருந்தவர் என்பதை ஏன் சொல்வதில்லை?

நாற்காலியின் விலை

புகழுரையோடு முடித்துக்கொள்வது நம் அரங்கின் வழக்கமல்ல. இரண்டு ஆண்டுகளைப் பற்றிப் பேசாமல் கக்கனின் வரலாற்றை முடிக்க முடியாது.

ஒன்று, 1957. அவர் அமைச்சரான அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் பற்றியெரிந்தது. இம்மானுவேல் சேகரனும் காங்கிரஸ்காரர்தான். சேரிகள் எரிந்த நாட்களில் சேரியில் பிறந்த ஒருவர் அமைச்சரவையில் இருந்தார். ஆனால் சட்டம் ஒழுங்கு அவர் கையில் இல்லை. நலத்துறை அமைச்சரால் நிவாரணம் கொடுக்க முடியும். கொலையைத் தடுக்கும் துறை வேறொருவரிடம் இருந்தது.

இரண்டு, 1965. இப்போது காவல்துறை அவருடைய துறைக்குள் இருந்தது. ஜனவரி 25 அன்று மதுரையில், காங்கிரஸ் கட்சியினருக்கும் மாணவர்களுக்கும் ஏற்பட்ட மோதலிலிருந்து இந்தி எதிர்ப்புப் போராட்டம் கலவரமாக மூண்டு மாநிலம் முழுதும் பரவியது. துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. மாண்டவர்கள் ஏறத்தாழ 70 பேர் என்று அரசுக் கணக்கே ஒப்புக்கொண்டது. வெளியே சொல்லப்பட்ட எண்ணிக்கை அதைவிடப் பலமடங்கு. முடிவுகளின் கடிவாளம் முதலமைச்சர் பக்தவத்சலத்திடம் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். உள்துறை அமைச்சர் என்ற பெயர்ப்பலகைக்குரிய பொறுப்பிலிருந்து கக்கனை நாம் விடுவிக்க வேண்டியதில்லை. அவர் அந்தப் பொறுப்பை ஏற்கக்கூடிய அளவுக்குப் பெரிய மனிதர் என்று கருதுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. பாவம், அவர் என்ன செய்வார் என்று சொல்வதில் பரிவு இருக்கிறது. ஆனால் அதற்குள் அவரைச் சிறுபிள்ளையாக்கும் பார்வையும் இருக்கிறது.

1967 தேர்தலில் மேலூர் தெற்குத் தொகுதியில் தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் கக்கன் தோற்றார். மொழிப்போரும் அரிசிப் பஞ்சமும் காங்கிரஸை வீழ்த்திய தேர்தல் அது. காமராசரே விருதுநகரில் தோற்றார். அதோடு கக்கன் அரசியலிலிருந்து ஒதுங்கினார். 1981 டிசம்பர் 23 அன்று இறந்தார்.

டர்பனிலிருந்து ஒரு கணக்கு

இந்த இடத்தில் கடல் தாண்டி ஒருவரைப் பார்த்துவிட்டு வருவோம். கக்கனை எப்படி மதிப்பிடலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை உதவும்.

1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. அப்படிப் போன கப்பல்களில் தமிழ்ச் சேரிகளிலிருந்து ஏறியவர்களும் இருந்தார்கள். பின்னால் குஜராத்தி வணிகர்களும் போனார்கள். அப்படியொரு குஜராத்திக் குடும்பத்தில் 1949இல் டர்பனில் பிறந்தவர் பிரவின் கோர்தன்.

மருந்தாளுநராகப் படித்து மருத்துவமனையில் வேலை செய்தவர், நிறவெறி எதிர்ப்பு அரசியலில் ஈடுபட்டுக் கைதானதால் வேலையை இழந்தார். காந்தி 1894இல் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரஸுக்கு 1970களில் மீண்டும் உயிரூட்டியவர்களில் அவரும் ஒருவர். தலைமறைவாக இயங்கினார், சிறையில் சித்திரவதைக்கு ஆளானார். 1984இல் வெள்ளை அரசு இந்தியர்களுக்கென்று தனி அவையொன்றை நாடாளுமன்றத்தில் ஏற்படுத்தியபோது, அது வேண்டாம், எல்லாருக்கும் சமமான வாக்கு வேண்டும் என்று புறக்கணித்த இயக்கத்தில் நின்றார். பெரும்பான்மை இந்தியர்கள் அந்தத் தேர்தலில் வாக்களிக்கவில்லை.

விடுதலைக்குப் பிறகு அவர் கைக்கு வந்தது கஜானா. 1999 முதல் பத்தாண்டுகள் வரி வசூல் துறையின் தலைமை. 2009இல் நிதியமைச்சர். அவருக்கு முன் 1996 முதல் அந்தப் பதவியிலிருந்த டிரெவர் மானுவலும் போராட்டக் களத்திலிருந்து வந்தவரே. 2014இல் வேறு துறைக்கு மாற்றப்பட்ட கோர்தன் 2015 டிசம்பரில், நான்கே நாளில் இரண்டு நிதியமைச்சர்கள் மாறி ரேண்ட் நாணயம் சரிந்த நெருக்கடியில், திரும்ப அழைக்கப்பட்டார். குப்தா சகோதரர்களும் ஜுமா ஆட்சியும் சேர்ந்து அரசு நிறுவனங்களைச் சூறையாடுவதாக எழுந்த புகார்களின் காலம் அது. கஜானாவின் கதவை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 2017 மார்ச்சில் பதவி நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு பொதுத்துறை நிறுவனங்களின் அமைச்சராக மீண்டும் வந்தார். 2024 செப்டம்பர் 13 அன்று இறந்தார்.

அவர் இறந்தபோது அந்நாட்டில் நடந்த வாதத்தைக் கவனியுங்கள். கொள்ளையைத் தடுத்தவர் என்று ஒரு தரப்பு போற்றியது. மின்வெட்டையும் அரசு விமான நிறுவனத்தின் சரிவையும் தீர்க்க முடியாதவர், ஏழைகளுக்குச் செலவழிக்கத் தயங்கிய நிதித்துறையின் ஆள் என்று மறுதரப்பு திட்டியது. இந்திய வம்சாவளி என்பதை வைத்து இழித்தவர்களும் உண்டு. ஆயினும் வாதத்தின் நடுவில் இருந்தது அவர் நடத்திய துறைகளின் வரவு செலவு. எத்தனை வேட்டி வைத்திருந்தார், எந்தப் பேருந்தில் போனார் என்பதல்ல. போராட்டக்காரர் ஒருவர் அதிகாரத்துக்கு வந்தால் அவரை இப்படித்தான் எடைபோட வேண்டும். கக்கனுக்கு அந்த எடைபோடலை நாம் இன்னும் செய்யவில்லை.

சாவி யாரிடம்?

கக்கனையும் கோர்தனையும் பக்கத்தில் வைத்தால் இன்னொரு கேள்வி எழுகிறது. தென்னாப்பிரிக்காவில் களத்திலிருந்து வந்தவர்களிடம் கஜானாவின் சாவி போனது. இங்கே?

அண்ணல் அம்பேத்கரின் படிப்பு பொருளாதாரம். ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இல் நூல் வெளியிட்டவர். மாகாண நிதியின் வரலாற்றை 1925இல் நூலாக்கியவர். சுதந்திர இந்தியா அவருக்குச் சட்டத்துறையைக் கொடுத்தது. 1951 அக்டோபரில் பதவி விலகியபோது, திட்டத்துறையை எதிர்பார்த்ததையும், அது தரப்படாததையும், அமைச்சரவையின் முக்கியக் குழுக்களில் தாம் சேர்க்கப்படாததையும் வெளிப்படையாகச் சொன்னார். சட்டம் எழுதித் தர நம்மவர் வேண்டும். செலவுக் கணக்கு எழுதும் இடத்தில் வேண்டாம் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பொருள்?

நம் மாநிலத்தையும் பாருங்கள். 1952 முதல் 2024 வரை நிதியமைச்சர்களாக இருந்தவர்களின் பட்டியலில் ஒரு தலித் இல்லை. கக்கன் உள்துறை வரை போனார். பொதுப்பணி அவரிடம், வேளாண்மை அவரிடம், காவல் அவரிடம். நிதி முதலில் சி.சுப்பிரமணியத்திடமும் பின்னர் பக்தவத்சலத்திடமும் இருந்தது. எந்தத் துறையை நடத்தினாலும் காசுக்கு இன்னொரு அறைக்குப் போய் நிற்க வேண்டிய நிலைதான்.

மக்கள்தொகை விகிதப்படி நமக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்ற சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80இல் வந்தது. தமிழ்நாட்டில் நாம் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பணம் செலவாகாமல் திரும்பிப் போகிறது, பொதுத் திட்டங்களுக்குத் திருப்பிவிடப்படுகிறது என்று ஆண்டுதோறும் நாம் கூட்டம் போடுகிறோம். எழுதுகோல் இன்னொருவர் கையில் இருக்கும் வரை இந்தக் கூட்டங்களும் தொடரும்.

முடிப்பதற்கு முன் மறுபடியும் இந்த மேலூர் சாலைக்கு வருகிறோம். கக்கனின் மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவு இருக்கிறது. 1996இல் அந்த ஊராட்சியின் தலைவராகத் தேர்வான முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்த் திரும்பும் வழியில், பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019இல் அரசு முன்கூட்டியே விடுவித்தது. மாநிலத்தின் உள்துறை நாற்காலியில் தும்பைப்பட்டிக்காரர் அமர்ந்து முப்பது ஆண்டுகள் கடந்தும், பக்கத்து ஊரில் ஊராட்சி மன்றத்தின் மர நாற்காலியில் ஒரு தலித் உட்காரக் கூடாது என்றார்கள். மேலே ஒருவரை உட்கார வைத்துவிட்டால் கீழே எல்லாம் மாறிவிடும் என்ற நம்பிக்கைக்கு மேலவளவு சொன்ன பதில் அது.

அதனால் நாற்காலியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முருகேசன் உயிரைக் கொடுத்தது நாற்காலிக்காகத்தான். எந்த நாற்காலி, அதோடு எந்தச் சாவி, யாருக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு என்று கேட்டு வாங்க வேண்டும் என்கிறோம். வாங்கியவர்களிடம் நாமும் கணக்குக் கேட்க வேண்டும்.

தும்பைப்பட்டியில் கக்கனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. அடுத்த முறை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும்போது மருத்துவமனைக் கட்டிலின் கதையைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில், 1939 ஜூலையில் அவர் எந்த வாசலைத் தாண்டினார் என்று சொல்லுங்கள். பிறகு எந்தெந்தத் துறைகளை நடத்தினார், 1957இலும் 1965இலும் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். கேள்விகளைப் பிள்ளைகள் கேட்பார்கள்.